ஜெபக்குழுவை விட்டால் ஆண்டவரை விட்டதாகுமா?

கேள்வி: மேடம், நான் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விடுதியில் தங்கியிருக்கிறேன். ஊர் கருங்கல் பக்கம், சி.எஸ்.ஐ. சபை. அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு, அம்மா அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரித் தொழிற்சாலைக்குப் போகிறார். முதல் வருடம் விடுதிக்கு வந்த புதிதில் தினமும் அழுதுகொண்டிருந்தேன். அப்போது ஒரு ஜெபக்குழுவின் அக்காமார்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். காய்ச்சல் வந்தபோது கஞ்சி வாங்கித் தந்தார்கள். வாய்விட்டு ஜெபிக்கப் படித்தது அங்கேதான். புதன்கிழமை சாயங்கால வேதபாடம் இப்போதும் எனக்குப் பிடிக்கும்.

ஆனால் தினமும் காலை நாலரை மணிக்கு ஜெபம், வெள்ளிக்கிழமை உபவாசம், அன்று ராத்திரி பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை போனில் கூகுள் மீட்டில் ஜெபம் என்று ஆகிவிட்டது. இரண்டு பேப்பர் அரியர். வருகைப்பதிவு 71 சதவீதம். படிப்பு உலகக் காரியம் என்கிறார் குழுவை நடத்தும் அண்ணன். அறிக்கையிடாத பாவம் இருப்பதால்தான் அரியர் விழுந்தது என்றும் சொன்னார். அப்பா குடிப்பதை ஒரு அக்காவிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை அதை எல்லாருக்கும் ஜெபக்குறிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அரசு தரும் புதுமைப் பெண் பணம் ஆயிரத்தில் நூறு தசமபாகம், இருநூறு ஊழியத்துக்கு. என் அறைத்தோழி தோவாளைக்காரி, இந்து. சரஸ்வதி பூஜைக்கு அவள் கொண்டுவந்த பொரியை வாங்கக் கூடாது என்றார்கள், வாங்கவில்லை. அவள் இப்போது சரியாகப் பேசுவதில்லை. எங்கள் ஊர்ச் சபை செத்த சபை என்கிறார் அண்ணன். கொஞ்ச நாள் விலகியிருக்கட்டுமா என்று கேட்டேன். அது பின்மாற்றம், விசுவாசத்தை விட்டு வழுவுவது என்றார். குழுவை விட்டால் ஆண்டவரை விட்டதாகுமா? விட்டால் மறுபடியும் தனியாகிவிடுவேனே?

பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்: மக்களே, கேட்ட கேள்விக்கு முதலில் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். ஆகாது. ஒரு குழுவின் நேர அட்டவணையிலிருந்து விலகினால் ஆண்டவரிடமிருந்து விலகியதாக ஆகாது. ஆனால் இந்த ஒரு வார்த்தை உனக்குப் போதாது என்று தெரியும். உன்னை உறங்கவிடாமல் வைத்திருப்பது கடிதத்தின் கடைசி வரி. மறுபடியும் தனியாகிவிடுவேனே என்கிறாய். அங்கிருந்தே பேசுவோம்.

நான் இருபத்தைந்து வருடமாகக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசகராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபைப் பாடகர் குழுவில் பாடுகிறேன். ஒவ்வொரு வருடமும் ஜூலை, ஆகஸ்டில் என்னிடம் வருகிற முதலாண்டுப் பிள்ளைகளில் பாதிப்பேர் வீட்டு நினைப்பில் அழுகிறவர்கள்தான். கருங்கலிலிருந்து திங்கள்சந்தை வழியாக நாகர்கோவிலுக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம், அவ்வளவுதான் தூரம். ஆனாலும் ஊரில் நீ இன்னாருடைய மகள், இன்னாருடைய பேத்தி. விடுதியில் உன்னைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அந்த நேரத்தில் கதவைத் தட்டி, சாப்பிட்டியா என்று கேட்கிறவர்கள் யாராக இருந்தாலும் அவர்களோடு மனசு ஒட்டிக்கொள்ளும். உன்னிடம் அப்படிக் கேட்டவர்கள் ஜெபக்குழு அக்காமார். அந்தக் கஞ்சி உண்மையான அன்பு. இன்றைக்கு அவர்கள்மேல் வருத்தம் இருக்கிறது என்பதற்காக அன்றைக்கு நடந்ததைப் பொய் என்று எண்ணிவிடாதே. அங்கே நீ கற்றுக்கொண்ட ஜெபம் உன்னுடையது. குழுவை விட்டுப் போனால் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை.

கல்லூரி மாணவர்கள் தாங்களாகவே கூடி வேதம் வாசிப்பதும் ஜெபிப்பதும் நம் நாட்டில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட பழக்கம். இந்திய மாணவர் கிறிஸ்தவ இயக்கம் 1912-ல் தொடங்கியது. கத்தோலிக்க மாணவர்களுக்கான ஐகஃப் 1924-ல் வந்தது, சுவிசேஷ மாணவர் ஐக்கியமான யு.இ.எஸ்.ஐ. 1954-ல். இப்படிப்பட்ட கூட்டங்களில் கிடைத்த நட்பை அறுபது வயதிலும் பிடித்துக்கொண்டிருக்கும் ஆசிரியர்களையும் நர்சுகளையும் எனக்குத் தெரியும். ஒருத்தி வீட்டில் மரணம் என்றால் மற்ற நாலு பேரும் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். உன் குழுவின் பெயரை நீ எழுதவில்லை, எனக்கும் அது தேவையில்லை. பேர்பெற்ற இயக்கத்தின் கிளையிலும் ஒரு அண்ணன் அதிகாரம் செய்யலாம். பெயரே வைக்காத ஐந்து பேர் கூடுகையிலும் நல்ல ஐக்கியம் இருக்கலாம்.

சரி, நல்ல ஐக்கியம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? என் அனுபவத்தில் அதற்கு ஒரு சோதனை போதும். அங்கே 'முடியாது' என்று ஒருமுறை சொல்லிப் பார். 'இந்த வாரம் வரவில்லை, பரீட்சை இருக்கிறது' என்று சொல்லிப் பார். 'இந்த வசனம் எனக்குப் புரியவில்லை, நம்பக் கஷ்டமாக இருக்கிறது' என்று சொல்லிப் பார். அப்போது அவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்று கவனி. 'பரவாயில்லை, நல்லாப் படி, நாங்க ஜெபிக்கிறோம்' என்று வந்தால் நீ இருப்பது நல்ல இடத்தில். பயமுறுத்தல் வந்தால், சாபம் மாதிரி ஒரு வசனம் வந்தால், மறுநாள் உன்னிடம் பேச்சு குறைந்தால், உன்னைப் பிடித்து வைத்திருப்பது ஒரு ஆளின் பிடிவாதம். நீ சோதனை செய்தே பார்த்துவிட்டாய். கொஞ்ச நாள் விலகியிருக்கட்டுமா என்று கேட்டாய். பின்மாற்றம் என்று பதில் வந்தது.

தோமாவை நினைத்துப் பார். துக்கம், சந்தேகம் என்று எதையும் மறைக்காத மனுஷன் அவர். உயிர்த்தெழுந்த ஆண்டவர் சீஷர்களுக்குக் காட்சி கொடுத்த அன்று தோமா கூட்டத்தில் இல்லை. ஏன் வரவில்லை என்று யோவான் எழுதவில்லை. அப்புறம் வந்து, காயத்தில் விரலை இட்டாலொழிய நம்பமாட்டேன் என்று எல்லார் முகத்துக்கும் நேரே சொன்னார். மற்ற பத்துப் பேரும் அவரைப் பின்மாற்றக்காரன் என்று தள்ளவில்லை. எட்டு நாள் கழித்துப் பார்த்தால் அதே வீட்டில், அவர்கள் நடுவில், தோமாவும் இருக்கிறார். வராமல் போன ஒருவருக்கும் நம்பமாட்டேன் என்ற ஒருவருக்கும் அந்த வீட்டில் இடம் இருந்தது. நம் தக்கலைக்குப் பக்கத்தில் திருவிதாங்கோட்டு அரப்பள்ளியை அந்தத் தோமாவே நிறுவினார் என்பது மரபு. ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வா. கருங்கல்லில் கட்டிய சின்னக் கோயில். உள்ளே போனால் சத்தமாகப் பேசத் தோன்றாது.

இனி அந்த அரியர் விஷயம். 'அறிக்கையிடாத பாவம்' என்று அண்ணன் சொன்னதை வாசித்தபோது எனக்கு மனது வலித்தது. ஏனென்றால் இப்படி ஒரு வார்த்தை பத்தொன்பது வயதுப் பிள்ளையின் மனசில் எத்தனை வருடம் கிடந்து அரிக்கும் என்பதை என் அறையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பல் விளக்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும், என்ன பாவம், எந்தப் பாவம் என்று தோண்டிக்கொண்டே இருக்கும். சிலருக்கு அது நோயாகவே ஆகிவிடும். ஒரே பாவத்தை நாளுக்கு இருபது தடவை அறிக்கையிட்டும் மன்னிப்புக் கிடைத்ததாக நம்ப முடியாமல் தவிப்பார்கள். மனநல மருத்துவத்தில் இது எண்ணச் சுழற்சி நோயின் (ஓ.சி.டி.) ஒரு வகை, சிகிச்சையும் உண்டு. உனக்கு அந்த அளவுக்கு இல்லை என்றுதான் கடிதத்திலிருந்து தெரிகிறது. இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

உன் ஊரிலிருந்து நட்டாலம் தூரமில்லை. 1712-ல் நீலகண்டப்பிள்ளை பிறந்தது அங்கே. பத்மநாபபுரத்தில் அரண்மனை வேலையில் இருந்தவர். வீட்டில் மாடுகள் செத்து, பயிர் அழிந்து, நஷ்டத்துக்கு மேல் நஷ்டம் வந்தபோது மனம் உடைந்துபோனார். அவருக்கு ஆறுதலாக இருந்தவர் டிலனாய். 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படையையே பயிற்றுவித்த டச்சுக் கம்பெனிப் படைத்தலைவர். அவருடைய கல்லறை இப்போதும் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. 'நீ செய்த ஏதோ பாவத்துக்குத்தான் இந்தத் தண்டனை' என்று சொல்வது டிலனாய்க்கு எளிதாக இருந்திருக்கும். அவர் யோபுவின் கதையைச் சொன்னார். குற்றம் செய்யாமலே எல்லாவற்றையும் இழந்த மனிதனின் கதை. அதைக் கேட்டு உள்ளம் திறந்தவர்தான் 1745-ல் வடக்கன்குளத்தில் தேவசகாயம் என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றார். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தார். 2022 மே 15-ல் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தபோது கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ. என்ற பேதம் இல்லாமல் மாவட்டமே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது உனக்கு நினைவிருக்கும்.

யோபு புத்தகத்தை நீயே ஒருமுறை முதலிலிருந்து வாசி. யோபுவின் சிநேகிதர்கள் முதல் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல சிநேகிதர்கள். வாயைத் திறந்து, நீ பாவம் செய்திருப்பாய் என்று ஆரம்பித்தார்கள். கடைசி அதிகாரத்தில் கடவுள் கோபப்படுவது யோபுமேல் இல்லை, அந்தச் சிநேகிதர்கள்மேல்தான்.

உன் அரியருக்கு நான் காணும் காரணம் மிகச் சாதாரணமானது. உன் வயதுக்கு ராத்திரி ஏழிலிருந்து ஒன்பது மணி நேரம் உறக்கம் வேண்டும். காலை நாலரைக்கு எழும்ப வேண்டும் என்றால் ஒன்பதரைக்குள் படுக்க வேண்டும். எந்த விடுதியில் அது நடக்கும்? வெள்ளிக்கிழமை பகல் முழுக்கச் சாப்பிடாமல், ராத்திரி இரண்டு மணிவரை போர்வைக்குள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் போய்விடும். பகலில் படித்தது மனதில் பதிவதே உறக்கத்தில்தான். அதோடு நம் தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. மாதவிடாய் நாட்களிலும் உபவாசம் இருக்கிறாயா என்று நீ எழுதவில்லை. இருந்தால் நிறுத்து. ஒரு தடவை ஹீமோகுளோபின் பார். படிக்க உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது என்று ஒரு மாணவி போன வருடம் என்னிடம் வந்தாள். ஆவிக்குரிய பிரச்சினை என்று மூன்று மாதம் ஜெபித்திருக்கிறாள். ரத்தம் குறைவாக இருந்தது. மாத்திரையும் முருங்கைக்கீரையும் கிழங்கோடு மீனும் சாப்பிட்டுச் சரியானாள்.

எலியாவின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. யேசபேலுக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழ் விழுந்து, போதும் ஆண்டவரே, சாகிறேன் என்கிறார் பாருங்கள், அந்த நேரத்தில் தேவதூதன் அவருக்கு உபதேசம் செய்யவில்லை. எலியா உறங்கினார். எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடி உறங்கவிட்டான். மறுபடி சாப்பிடச் சொன்னான். அதற்கு அப்புறம்தான் பயணம், ஓரேப், மெல்லிய சத்தம் எல்லாம்.

படிப்பு உலகக் காரியம் என்கிற பேச்சை நம் மாவட்டத்தில் ஒருவர் சொல்வதுதான் எனக்கு ஆச்சரியம். இங்கே சபையும் பள்ளிக்கூடமும் சேர்ந்தே வளர்ந்தன. மிஷனரிகள் தொடங்கிய செமினரிதான் 1893-ல் கல்லூரியாகி இன்றைக்கு ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக நிற்கிறது. டதி பெண்கள் பள்ளியின் தொடக்கம் 1819. மேலாடை போடுவதற்கே போராட வேண்டியிருந்த காலம் அது. 1859-ல்தான் அதற்கு அரச பிரகடனம் வந்தது. அப்படிப்பட்ட காலத்தில் நம் பெண்பிள்ளைகள் கையில் எழுத்தாணியும் லேஸ் ஊசியும் கொடுத்தவர்கள், அதைக் கடவுளுக்குச் செய்கிற வேலையாக நினைத்துத்தான் செய்தார்கள். என் பாட்டியின் அம்மை கல்யாணப் பதிவேட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்டவர். எங்கள் குடும்பத்தில் அதை இன்றும் சாட்சியாகச் சொல்வோம். உன் அம்மா அண்டி ஆபீசில் கை வெந்து உன்னைப் படிக்க வைக்கிறார். அந்தப் புத்தகத்தைத் திறப்பதும் ஆராதனைதான் மக்களே.

அதனால் இந்த வாரமே துறை அலுவலகத்துக்குப் போ. 75 சதவீதத்துக்கு இன்னும் எத்தனை வகுப்பு வேண்டும், மீதி நாட்களில் அது எட்டுமா, எட்டாவிட்டால் என்ன வழி, அரியர் கட்டணத்துக்குக் கடைசி நாள் எது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள். வகுப்பாசிரியரிடம் உண்மையைச் சொல். வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்து ஜெபக்குறிப்பு. இதைப் பற்றி எழுத எனக்கு நிறைய இருக்கிறது. ஏனென்றால் நம் கிறிஸ்தவக் கூட்டங்களில் இது பாவம் என்றே பலருக்குத் தோன்றுவதில்லை. ஒருத்தி கண்ணீரோடு நம் காதில் சொன்னதை, 'இன்ன சிஸ்டரின் அப்பாவுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள், குடிக்கிறார்' என்று நாற்பது பேருக்குச் சொல்லிவிட்டால், அது கோள் சொல்வதுதான். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் கோள்தான். கடவுளுக்கு உன் அப்பாவின் பெயரும் தெரியும், அவர் நிற்கும் கடையும் தெரியும். நாற்பது பேருக்கு விவரம் தெரியாமலே அவரால் ஜெபத்தைக் கேட்க முடியும். ஆலோசகர் தொழிலில், ஒருவர் சொன்னதை அவர் அனுமதி இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்பது முதல் பாடம். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும்தான் அதற்கு விலக்கு. கத்தோலிக்கக் குருக்கள் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை உயிர் போனாலும் சொல்லக் கூடாது. ஜெபக்குழுவுக்கு மட்டும் ஏன் அந்த ஒழுங்கு இல்லாமல் போக வேண்டும்? நீ அந்த அக்காவைத் தனியாகப் பார்த்து, 'நான் உங்களிடம் மட்டும் சொன்னேன், நீங்கள் சொன்னது எனக்கு வலித்தது' என்று சொல். இரண்டே வாக்கியம். அவர் கெட்ட எண்ணத்தில் செய்திருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். ஒருவேளை இதுவரை யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதே இல்லையோ என்னவோ. இனி அந்தரங்கமான காரியங்களைச் சொல்லும் முன், 'இதை வேறு யாரிடமும் சொல்லமாட்டீர்கள்தானே' என்று கேட்டுவிட்டே சொல்.

அப்பாவின் குடிக்கு ஜெபத்தோடு மருந்தும் உண்டு. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. தினமும் நிறையக் குடிக்கிறவர்கள் திடீரென்று தாங்களாக நிறுத்தினால் வலிப்பு வரை போகலாம். அதனால் மருத்துவரைப் பார்த்து நிறுத்துவதுதான் பத்திரம் என்று அம்மாவிடம் சொல்லிவை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். புதுமைப் பெண் பணம் அரசு உன் படிப்புக்குத் தருவது. அதில் காணிக்கை கொடுக்க உனக்கு மனம் இருந்தால் கொடு, யாரும் கணக்குக் கேட்கக் கூடாது. பஸ் காசுக்கும் ரெக்கார்டு நோட்டுக்கும் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, இங்கே முந்நூறு கொடுக்க வேண்டியதில்லை. நம் அம்மாமார் சோறு பொங்க அரிசி எடுக்கும்போது ஒரு பிடி எடுத்துக் காணிக்கைப் பானையில் போட்டுத்தான் எத்தனையோ கோயில்கள் எழும்பின. யாரும் அவர்களிடம் சதவீதம் கேட்கவில்லை.

தோவாளைப் பிள்ளைக்கு வருகிறேன். பூஜையில் வைத்ததைச் சாப்பிடலாமா என்பது பவுலின் காலத்திலிருந்தே சபையில் பேசிவருகிற விஷயம். அவரவர் மனச்சாட்சி என்று அவரே விட்டிருக்கிறார். உனக்கு மனம் ஒப்பவில்லை என்றால் வாங்காதே, அதில் தப்பில்லை. ஆனால் உன் மனச்சாட்சிக்காக வாங்காமல் இருந்தாயா, அண்ணன் சொன்னதற்காக வாங்காமல் இருந்தாயா? எப்படி மறுத்தாய்? முகத்தைத் திருப்பிக்கொண்டாயா? 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தில் இந்துக்கள் நூற்றுக்கு 48.7 பேர், கிறிஸ்தவர்கள் 46.9. இப்படிக் கலந்து வாழ்கிற இடத்தில் ஒரு பிடி பொரியை மறுப்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். 1982-ல் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிக்கொண்ட மண்டைக்காட்டுக் கலவரத்தின்போது எனக்குப் பத்து வயது. வெளியே போகப் பயந்து வீட்டுக்குள்ளேயே கிடந்தோம். பக்கத்து வீட்டு இந்து மாமிதான் வேலிக்கு மேலே கையை நீட்டி, தம்பிக்குப் பால் கொடுத்தார். அந்தச் செம்பு இன்றும் எனக்குக் கண்ணில் தெரிகிறது. உன் தோழியிடம் போய், 'அன்னைக்கு நான் நடந்துகிட்டது சரியில்லை, உன்னை நோகடிச்சிட்டேன்' என்று சொல். விளக்கம் எதுவும் சேர்க்காதே. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அவளை வீட்டுக்குக் கூட்டிப் போ.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எனக்கும் இருபது வயதில் ஒரு குழு இருந்தது. 1992. பெரியப்பா மகளுக்குக் கத்தோலிக்கக் கோயிலில் கல்யாணம். போனால் சுரூபத்துக்கு முன்னால் நிற்க வேண்டியிருக்குமே என்று குழுவில் கேட்டார்கள். நான் காய்ச்சல் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன். சின்ன வயதில் எனக்குத் தலை பின்னிவிட்டவள் அவள். மறுவீட்டுக்கு வந்தபோது எனக்கென்று முந்திரிக்கொத்து தனியாக எடுத்துக் கொண்டுவந்து தந்தாள். காய்ச்சல் விட்டுதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அந்தக் கல்யாண ஆல்பத்தில் நான் இல்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் இன்றைக்கும் அழுகை வரும். ஆண்டவர் என்னிடம் அதைக் கேட்டிருக்கமாட்டார் என்று இப்போது உறுதியாகத் தெரியும்.

செத்த சபை என்று உன் ஊர்ச் சபையைச் சொன்னார்களே, அதையும் கொஞ்சம் யோசித்துப் பார். உன் குழுவில் இருக்கிற எல்லாருக்கும் பதினெட்டிலிருந்து இருபத்தைந்துக்குள்தான் வயது. அதுதான் அதன் அழகு, பாட்டும் சிரிப்பும் வேகமும் அதனால்தான். ஆனால் அங்கே பிள்ளை பெற்றவள் இல்லை. கணவனை அடக்கம் செய்துவிட்டு மறு ஞாயிறு முன்பெஞ்சில் வந்து உட்காருகிற கிழவி இல்லை. கடன்பட்டு, நோய்ப்பட்டு, நாற்பது வருடம் சந்தேகத்தோடும் விசுவாசத்தோடும் மாறிமாறி நடந்த ஒருவரும் இல்லை. எல்லாரும் ஒரே வயதாக இருக்கிற இடத்தில், ஆறு மாதம் மனம் வறண்டு போனால் உலகமே முடிந்துவிட்டதாகத் தோன்றும். ஊர்ச் சபையில் இழுத்து இழுத்துக் கீர்த்தனை பாடுகிற அந்த அம்மாச்சிமாரிடம், 'உங்களுக்கு ஜெபிக்கவே தோன்றாத காலம் இருந்ததா?' என்று கேட்டுப் பார். அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். பிரசங்கம் உறக்கம் வரவழைக்கிறது, கமிட்டித் தேர்தலில் சண்டை போடுகிறார்கள் என்றால், ஆமாம், அதுவும் உண்மை. அதற்காக அந்தச் சபையைச் செத்தது என்று சொல்ல எனக்கு மனம் வராது. உன் பெயரை ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுதி வைத்திருப்பதும் அங்கேதான், நீ விடுதியில் நன்றாக இருக்கிறாயா என்று உன் அம்மாவிடம் வாரம் தவறாமல் விசாரிப்பதும் அவர்கள்தான்.

இனி என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். முழுக்க அறுத்துக்கொண்டு வர வேண்டியதில்லை. புதன்கிழமை வேதபாடம் பிடிக்கும் என்கிறாய். அதை வைத்துக்கொள். அண்ணனுக்கு ஒரு செய்தி அனுப்பு, இப்படி: 'அண்ணா, இந்த செமஸ்டர் முடியும்வரை காலை ஜெபத்துக்கும் வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கும் வரமாட்டேன். புதன்கிழமை வேதபாடத்துக்கு வருவேன். என் வீட்டுக் காரியங்களைக் கூட்டத்தில் சொல்ல வேண்டாம்.' காரணம் எழுதாதே. காரணம் சொன்னால் அதற்கு ஒரு வசனம் பதிலாக வரும், கலப்பையில் கை வைத்துத் திரும்பிப் பார்க்கலாமா என்று. அந்த வசனம் இயேசுவைப் பின்பற்றுவதைப் பற்றியது, கூகுள் மீட் நேரத்தைப் பற்றியது இல்லை. சண்டை போடாதே, 'சரி அண்ணா, ஆனால் நான் சொன்னதுதான்' என்று மட்டும் பதில் போடு. அவரும் இருபத்தைந்து வயதுக்குள் இருக்கிற பையனாகத்தான் இருப்பார். யாரோ அவரிடம் இப்படிப் பேசியதைத்தான் அவர் உன்னிடம் பேசுகிறார். அவருக்காகவும் ஜெபி.

வேதபாடத்துக்கும் வரக் கூடாது என்று தடுத்தால், அன்றைக்கு அழு. மறுநாள் வேறு இடம் தேடு. உன் கல்லூரியிலேயே போதகரோ, சிஸ்டரோ, ஆலோசகரோ இருப்பார்கள். நாகர்கோவிலில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு சபையும் அதில் வாலிபர் சங்கமும் இருக்கும். முதல் இரண்டு வாரம் வெறுமையாக இருக்கும், அதை முன்கூட்டியே தெரிந்துகொள். வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்குக் கை தானாகப் போனைத் தேடும். அந்த நேரத்துக்கு உன் தோவாளைத் தோழியோடு ஒரு சுக்குக் காப்பி போட்டுக் குடி. மனது மிகவும் கனத்தால், சாக வேண்டும் போல ஒரு எண்ணம் எட்டிப் பார்த்தாலும், 14416-ஐக் கூப்பிடு. டெலி மானஸ் உதவி எண், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. குழுவில் யாராவது தனியாக வரச்சொல்லி வற்புறுத்தினாலோ, உன் இரகசியத்தை வெளியே சொல்லிவிடுவோம் என்று மிரட்டினாலோ, அதை ஆவிக்குரிய காரியமாக எடுத்துக்கொண்டு பொறுத்துப் போகாதே. வார்டனிடமும் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவிடமும் அன்றைக்கே சொல்.

உன் விசுவாசம் சின்னதா என்று நீ நேராகக் கேட்கவில்லை, ஆனால் வரிக்கு வரி அந்தக் கேள்விதான் இருக்கிறது. 'விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்' என்று ஒரு தகப்பன் கண்ணீரோடு சொன்னான், மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தில். அவனுடைய பிள்ளை குணமானான். இதற்குமேல் பெரிய விசுவாசம் எனக்கும் இல்லை.

இந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போ. மழை இல்லாமல் வெட்டு நடந்தால், விடிவதற்கு முன்னால் அப்பா தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்குவார் இல்லையா, அப்போது நீயும் கூட இறங்கு. நாலரைக்கு எழும்பிப் பழகிய பிள்ளைதானே. அந்த நேரத்தில் அவர் தெளிவாக இருப்பார். அவர் மரம் மரமாக வெட்டிக்கொண்டு போகும்போது, நீ பின்னால் சிரட்டையை நிமிர்த்தி வைத்துக்கொண்டே போ. அரியரைப் பற்றி அப்பாவிடம் நீயே சொல்லிவிடு. செமஸ்டர் முடிந்ததும் எனக்கு எழுது.